வைகாசி வியாழன்

என் அப்பா கள்ளப் பத்திரம் எழுதியவர் என்று சித்தப்பா சத்தம் போட்டது ராஜபாளையத்தில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. அப்பா இறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நாங்கள் குடியிருந்த வீடு தாத்தா அப்பாவுக்குப் பாகமாக எழுதிக் கொடுத்தது. பதிவு செய்யாத பத்திரம். அது பொய் என்று ஆகிவிட்டால் அம்மாவும் நானும் நடுத்தெருவில்தான்.

சித்தப்பாவுக்குக் கிடைத்த பிடி ஒரு கிழமை. பத்திரத்தில் எங்கள் பக்கத்து வழக்கப்படி கொல்லம் ஆண்டு, வைகாசி மாதம், தேதி, வியாழக்கிழமை என்று இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் அந்தத் தேதியைக் கொடுத்து, இங்கிலீஷ் தேதிக்கு மாற்றிக் கிழமை பார்க்கச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை என்று வந்துவிட்டது. எழுதுகிற அன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாமலா எழுதுவான், பிற்பாடு உட்கார்ந்து எழுதியதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் சிலேட்டை எடுத்து உட்கார்ந்தேன். எனக்கும் புதன்தான் வந்தது. மறுபடியும் போட்டேன், அதுவேதான். ஒரு நிமிஷம் அப்பாவைச் சந்தேகப்பட்டேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகுதான் குடும்ப வேதாகமத்தைத் திறந்தேன். முதல் தாளில் பிள்ளைகள் பிறந்த நாட்களைத் தாத்தா கொல்லம் ஆண்டில் குறித்து வைத்திருந்தார். அத்தை மகன் ஆடி, சித்தப்பா மகன் ஆவணி. இரண்டு பேருக்கும் ஒரு மாதம்தான் வித்தியாசம் என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஆவணிப் பிள்ளைக்கு ஆண்டு எண்ணில் ஒன்று கூடியிருந்தது.

கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. வைகாசி அதன் கடைசிப் பகுதியில் வருகிற மாதம். நானும் குமாஸ்தாவும் சித்திரையில் வருஷம் பிறக்கும் என்ற பழக்கத்தில் வைகாசியை அதன் தொடக்கத்தில் வைத்து எண்ணிவிட்டோம். ஒரு வருஷம் முந்திப் போய் நின்றிருக்கிறோம்; ஒரு வருஷத்துக்கு ஒரு கிழமை நகரும். சரியான வருஷத்துக்கு வந்து எண்ணினேன். வியாழன்.

மறுவாரம் பத்திர விஷயமாகக் குமாஸ்தா சித்தப்பா வீட்டுக்கு வந்தார். பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம், கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்து சட்டையெல்லாம் புகை வாடை. வேதாகமத்தை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

“ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்? ஒழுங்கா வீட்டக் காலி பண்ணு” என்றார் சித்தப்பா.

“பண்றேன். ஒங்க பத்திரத்த ஒருக்கா எடுத்துட்டு வாங்க, சித்தப்பா” என்றேன்.

அவருடைய வீட்டையும் அதே தாத்தாதான், அதே கொல்லம் ஆண்டில், அடுத்த மாதம் ஆனியில் எழுதிக் கொடுத்திருந்தார். பத்திரத்தில் சனிக்கிழமை. குமாஸ்தாவிடம் கொடுத்து, முன்பு பார்த்த மாதிரியே பார்க்கச் சொன்னேன். பென்சிலால் வெகுநேரம் கணக்குப் போட்டார்.

“வெள்ளிக்கிழமைன்னு வருதே” என்றார் மெதுவாக.

“அப்போ இதுவும் கள்ளப் பத்திரமா, சித்தப்பா?”

வேதாகமத்தைக் குமாஸ்தாவிடம் நீட்டி, ஆடியையும் ஆவணியையும் காட்டினேன். மனுஷர் யோக்கியர். “நான் தஞ்சாவூர்ப் பக்கம்மா. எங்க ஊர்ல கொல்லம் எழுதற வழக்கமில்லே. தப்பு என்னோடதுதான்” என்று ஒப்புக்கொண்டார்.

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி, தெரியாம நடந்துபோச்சு. வீட்ட நீங்களே வச்சுக்கிடுங்க. இத்தோட விட்டுரு.”

“வீட்ட நீங்க குடுக்க வேண்டாம், அது எங்க வீடு. அப்பாவ நீங்க சொன்னது தெருவுல வச்சு. தெருவுல வந்துதான் அது பொய்னு சொல்லணும்.”

அவர் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார்.

“என்னைக்கு வரணும்?”

“வியாழக்கிழமை” என்றேன்.

வந்தார். அண்ணன்மேல் சொன்னது பொய் என்று தெருவில் நின்று சொன்னார். அம்மா வாசலில் நின்று முழுவதையும் கேட்டாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.