ஒன்ஸ்மோர் கேட்கக் கூடாது

யுத்தம் முடிந்த மறு வருஷம், பம்பாய் மாதுங்காவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நடந்தது இது. அப்போது நான் பி.ஏ. கடைசி வருஷம். எங்கள் கல்லூரித் தமிழ் மாணவர் சங்கத்துக்கு நான்தான் காரியதரிசி. அந்த வருஷம் நாங்கள் போட்ட சங்கீத நாடகத்தை எழுதியதும் நான்தான், ஒத்திகை பார்த்ததும் நான்தான், எல்லாரையும் விரட்டியதும் நான்தான். தலைக்கனத்துக்குக் கேட்பானேன்!

கதை ஒன்றும் பிரமாதமில்லை. போருக்குப் போன ராஜா காயத்தோடு திரும்பி வந்து ராணியின் மடியில் உயிரை விடுகிறான். அதற்குள் ஒன்பது பாட்டு. ஆறு பாட்டு ராணிக்கு. பெண்ணை மேடையேற்ற அப்போது எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் சம்மதிக்கமாட்டார்கள். அதனால் ராணி வேஷம் என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு. பாலக்காட்டுப் பையன், ஒல்லிப்பிச்சான். பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது, பாடினால் தெருமுனைவரைக்கும் கேட்கும். ஒத்திகை ஆரம்பித்த மறுநாளிலிருந்து அவனை எல்லாரும் 'ராணி' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். கோபித்துக்கொள்ளாமல் சிரிப்பான்.

ஆர்மோனியம் வாசிக்க ஒரு மராட்டிக்காரரைப் பிடித்தோம். கிர்காம் பக்கத்திலிருந்து வருவார். மராட்டி சங்கீத நாடகங்களுக்கு வாசித்துப் பழகியவர். தமிழில் ஓர் அட்சரம் தெரியாது. ராணியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்து, அவன் வாயைத் திறக்கிற கணத்தில் சரியாகச் சுருதியை எடுத்துக் கொடுப்பார். எங்களுக்கு அவர் மாஸ்டர்ஜி.

சீன் படுதாவுக்குத்தான் திண்டாடிப்போனோம். கடைசியில் தாராவியில் கிடைத்தது. அங்கே தோல் கிடங்குகளில் வேலை செய்கிற திருநெல்வேலிக்காரர்கள் வருஷா வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாடகம் போடுவார்கள். அரண்மனை, காடு, கடைத்தெரு என்று மூன்று படுதா வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு தலைவர், பெரிய மீசைக்காரர். எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். நான் போய்க் கேட்டதும் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார்.

"எங்க ஆளுக நாப்பது பேரு பாக்க வருவோம் தம்பி. உக்கார எடம் மட்டும் குடுங்க, போதும்" என்றார்.

கொடுத்தேன். கடைசி பெஞ்சுகள். இப்போது எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து நாடகங்களில் ஒரு பாட்டு பிடித்துவிட்டால் ஜனங்கள் 'ஒன்ஸ்மோர்' என்று கத்துவார்கள். நடிகர் கதையை அப்படியே நிறுத்திவிட்டு, சபையைப் பார்த்துக் கும்பிட்டு, அதே பாட்டைத் திரும்பப் பாடவேண்டும். செத்துக் கிடக்கிறவனானாலும் எழுந்து பாடிவிட்டு மறுபடி சாகவேண்டும். நானோ நாலு புத்தகம் படித்துவிட்ட அறிவாளி. நாடகம் என்றால் நிஜம் மாதிரி இருக்கவேண்டும், செத்தவன் எழுந்தால் அது கூத்து என்று எனக்கு ஒரு வைராக்கியம். ஒரு கரும்பலகையில் என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, ஹாலுக்குள் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தேன்: 'ஒன்ஸ்மோர் கேட்கக் கூடாது. பாட்டுக்குக் கைதட்டவும் கூடாது. இப்படிக்கு, காரியதரிசி.'

என்ன எழுதியிருக்கிறது என்று மாஸ்டர்ஜி கேட்டார். சொன்னேன். "அரே பாபு, ஒன்ஸ்மோர் நஹீ தோ நாடக் கைஸா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒன்ஸ்மோர் இல்லாமல் அது என்ன நாடகம் என்று அவருக்கு விளங்கவே இல்லை. அவருக்கு நவீனம் தெரியாது என்று நான் எனக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

நாலு மணிக்கு ஹால் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் மாதுங்கா மாமாக்கள், நடுவில் மாணவர்கள், பின்னால் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தாராவிக்காரர்கள். என் அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவையில் ராணி மேடைக்கு வந்தான். முதல் பாட்டு மோகனம். பாடி முடித்தான்.

ஹாலில் சத்தமே இல்லை. எங்கேயோ ஓர் இருமல், அவ்வளவுதான். படுதா ஓரத்தில் நின்றிருந்த எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பார், என்ன ஒழுங்கு, என்ன கவனம்! மாஸ்டர்ஜி மட்டும் கடைசி ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ஹாலையே பார்த்தார். ஒன்றும் வரவில்லை என்றதும் கையை எடுத்துவிட்டு, கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது பாட்டுக்கும் அப்படியே. மூன்றாவது பாட்டில் ராணியின் குரல் இறங்கிப்போயிருந்தது. நான் ஓரத்திலிருந்து "உச்சரிப்பு! உச்சரிப்பு!" என்று வாயசைத்துக் காட்டினேன்.

இடைவேளைக்குப் படுதா இறங்கியது. உள்ளே போய்ப் பார்த்தால் ராணி டோப்பா முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறான். அரிதாரத்தில் இரண்டு கோடு வழிந்திருக்கிறது.

"என்னடா இது?" என்றேன்.

"நான் இனிமே மேடைக்கு வரலை. வேற யாரையாவது வச்சு முடிச்சுக்கோ."

"பாதி நாடகம் இருக்குடா! ஜனங்க உக்காந்திருக்கா!"

"உக்காந்திருக்கா, ஆமா. கல்லு மாதிரி உக்காந்திருக்கா. நான் அவ்வளவு மோசமாவா பாடறேன்?"

அவனே பேசினான். வீட்டு நிலைமை சரியில்லை, படிப்பை நிறுத்தியாயிற்று, நாக்பூரில் ஓர் ஆபீஸில் வேலை, செவ்வாய்க்கிழமை ரயில். யாரிடமும் சொல்லவில்லையாம். அங்கே போனால் பாட்டாவது கூத்தாவது! தெரிந்துதான் இந்த ஒரு நாளைக்காக இரண்டு மாதமாக வந்து பாடியிருக்கிறான்.

"எனக்கு மேடைங்கறது இன்னிக்கு ஒரு நாள்தான்டா. ஜனங்களை விடு. ரெண்டு மாசமாக் கேட்டியே, நீ ஒரு வார்த்தை நன்னாருக்குன்னு சொன்னியா? மலையாள வாடை அடிக்கறது, மலையாள வாடை அடிக்கறதுன்னே சொல்லிண்டிருந்தே."

சத்தியமான பேச்சு. அவன் பாட்டைக் கேட்டுவிட்டுத் தினமும் அதையே முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தவன் நான். அதை அவனிடம் சொல்லவேண்டும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

வெளியே ஓடினேன். நேரே கடைசி பெஞ்சுக்குப் போனேன். மாமாக்களிடம் கேட்க வெட்கம், அதுதான் காரணம். அண்ணாச்சி எழுந்து நின்றார். "என்ன அண்ணாச்சி, பாட்டு ஒருத்தருக்கும் பிடிக்கலையா?" என்றேன்.

"பிடிக்கலியாவா? என்ன தம்பி இப்பிடிக் கேக்கிய! இந்தா பாருங்க, இவன் கண்ணத் தொடச்சுக்கிட்டு இருக்கான். நீங்கதான போர்டு வச்சிருக்கிய? படிச்ச பிள்ளைய போட்ட சட்டம், நம்மாலே அவியளுக்கு ஒரு கொற வந்திரப்பிடாது, ஒருத்தனும் வாயத் தொறக்கப்பிடாதுன்னு நாந்தான் எல்லாவனையும் அமட்டி உக்கார வச்சிருக்கேன்."

எனக்குப் பளாரென்று கன்னத்தில் அறை விழுந்தது போல் இருந்தது. "உள்ள வந்து அவன்கிட்ட இதைச் சொல்லுங்கோ அண்ணாச்சி, தயவு பண்ணி வாங்கோ" என்று அவர் கையைப் பிடித்தேன்.

அவர் வரவில்லை. "உள்ள வந்து சொன்னா அது உபசாரம் தம்பி. இங்கன இருந்து கத்துனாத்தான் பாடுதவனுக்குக் கேக்கும். நீங்க மொதல்ல அந்த போர்ட அழிங்க" என்றார்.

போய் அழித்தேன். துடைக்கத் துணி கிடைக்காமல் என் வேட்டித் தலைப்பாலேயே அழித்தேன். பிறகு படுதாவுக்கு முன்னால் ஏறி நின்றேன். எழுதிக்கொடுத்த வசனம் ஒன்றுமில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நான் ஒரு முட்டாள்தனமான சட்டம் போட்டுவிட்டேன். ராணி உள்ளே அழுதுகொண்டிருக்கிறான், தன் பாட்டு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. பிடித்திருந்தால் இப்போது சொல்லுங்கள். அவனுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்."

ஒரு கணம் எல்லாரும் விழித்தார்கள். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து அண்ணாச்சியின் தொண்டை கிளம்பியது. "ஒன்ஸ்மோர்!" அடேயப்பா! அதன் பிறகு நாற்பது தொண்டை, நானூறு தொண்டை என்று ஆகிவிட்டது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கம்மென்று இருந்த முன்வரிசை மாமா ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "அந்த மோகனம்! அந்த மோகனத்தை இன்னொரு தரம்!" என்று கத்தினார். எனக்குப் பின்னால், யாரும் சொல்லாமலே, மாஸ்டர்ஜி மோகனத்தை ஆரம்பித்துவிட்டார். படுதா இழுப்பவனும் என்னைக் கேட்காமல் கயிற்றை இழுத்துவிட்டான்.

திரும்பிப் பார்த்தேன். ராணி நின்றிருந்தான். டோப்பா கோணலாக, ஒரு கையால் அதைப் பிடித்தபடி. சபையைப் பார்த்தான். டோப்பாவை விட்டுவிட்டு இரண்டு கையையும் மார்பில் சேர்த்து, நன்றாகக் குனிந்து ஒரு கும்பிடு போட்டான். பிறகு பாடினான் பாருங்கள்! ஒத்திகையிலெல்லாம் அவன் எங்களுக்குப் பாதிக் குரலைத்தான் காட்டியிருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் பாதியில் பாடிய மூன்று பாட்டையும் வரிசையாகத் திரும்பப் பாடிய பிறகே இரண்டாம் பாதி தொடங்கியது. கதையாவது நிஜமாவது! ராஜா பாடிக்கொண்டே உயிரை விட்டதும் பின் பெஞ்சில் "ஒன்ஸ்மோர்!" செத்தவன் ஒரு கண்ணைத் திறந்து, எழுந்திருக்கலாமா என்று என்னைப் பார்த்தான். "எழுந்திருடா" என்று கையைக் காட்டினேன். ராணியின் கடைசிப் புலம்பலை மூன்று தடவை கேட்டார்கள். ஹால் காவல்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று தானும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுதிய வசனத்தில் பாதியை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.

படுதாவைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்ட அண்ணாச்சி ராணியிடம் வந்தார். அவன் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தாதர் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். அன்று மேடையில் நின்று ஊரையெல்லாம் சொல்லச் சொன்னேனே தவிர, நான் இன்னும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. பெட்டி ஜாக்கிரதை, கடுதாசி போடு என்று என்னவெல்லாமோ பேசினேன். சொல்லவேண்டியதை மட்டும் விட்டுவிட்டேன். முகத்துக்கு நேரே புகழ்ந்து எங்களுக்குப் பழக்கமில்லை, வேறென்ன!

வண்டி நகர்ந்தது. ஜன்னலோடு கூடவே நாலடி ஓடினேன். அவன் முகம் தள்ளிப்போக ஆரம்பித்ததும் என்னையறியாமல் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "ஒன்ஸ்மோர்!"

பிளாட்பாரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு போர்ட்டர் சுமையை இறக்கிவிட்டு முறைத்தார். ஜன்னலுக்கு வெளியே அவன் இரண்டு கையும் நீண்டு, சேர்ந்து, ராணியின் கும்பிடு ஒன்று போட்டது.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில் ரசம் நன்றாக அமைந்துவிட்டால் அடுக்களைக்குக் கேட்கும்படி "ஒன்ஸ்மோர்!" என்று கத்துவேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கும், என் மனைவி "போதுமே, அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்" என்பாள், ஆனால் இன்னொரு கரண்டி கொண்டுவருவாள். நன்றாயிருக்கிறது என்று மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒருவனை இரண்டு மாதம் காக்கவைத்தவன் நான். அதனால்தான் இன்றைக்கும், வண்டி நகருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் அவசரம்.