உடுப்புக்குக் காவல்

எண்பதுகளின் நடுவில் சூரிச்சில் ஓர் உணவகத்தின் குசினியில் நாங்கள் இரண்டு பேர் கோப்பை கழுவினோம். ஒரே அறை, ஒரே சோற்றுச் சட்டி. அவன் வடமராட்சிக் கடற்கரைக்காரன். நான் தோட்டக்காணிப் பக்கம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

கோடையில் கடையைப் பூட்டிய வாரத்தில் எங்கள் முதலாளி, செஃப், வேலையாட்களை இத்தாலிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். எங்கள் இருவருடைய அகதி விண்ணப்பமும் முடிவாகாத நேரம். எல்லை தாண்டக் கூடாது. அவர்தான் வெளிநாட்டார் பொலிசுக்கு நடையாய் நடந்து, தன் பொறுப்பில் மூன்று நாள் அனுமதி எடுத்துத் தந்தார்.

துறைமுக நகரமொன்றின் ஓரத்தில், பாறைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு கிடந்த பழைய மீனவர் குடியிருப்பு அது. மஞ்சளும் செங்கல் நிறமுமாய் ஒடுங்கிய மாடி வீடுகள். சில சுவர்களில் யன்னல் இல்லாத இடத்தில் யன்னலை வரைந்து வைத்திருந்தார்கள். நான் ஒன்றை உண்மையென்று நம்பி, யாராவது எட்டிப்பார்ப்பார்களா என்று நின்றேன்.

“உன்னை ஏமாத்திறது சரியான லேசு மச்சான்” என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன், மடையன்.

இரண்டாம் நாள் காலை அவன் பாறையில் உடுப்பைக் கழற்றி மடித்து என் மடியில் வைத்தான். சப்பாத்தையும் பக்கத்தில் வைத்தான்.

“ஒருக்கா நீந்திப்போட்டு வாறன். இதைப் பார்த்துக்கொள்.”

“தூரம் போகாதை.”

“ஓம்.”

முனையில் நீட்டிக்கொண்டிருந்த கரும்பாறையைச் சுற்றிப் போனான். அதற்கப்பால் அவன் தலை தெரியவில்லை. வெயில் உச்சிக்கு வந்தபிறகுதான் நான் கத்திக்கொண்டு ஓடினேன். மீனவர்கள் வள்ளங்களை இறக்கினார்கள். மாலை வரை தேடினார்கள். பொலிஸ் என்னை விசாரித்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. அவர்கள் என்னைத் தண்ணீர் குடிக்கவைத்து அனுப்பிவிட்டார்கள். அவன் உடுப்பை நெஞ்சோடு பிடித்தபடி பஸ்ஸில் திரும்பினேன்.

நான் அவனுக்கு உறவில்லை, எனக்குச் சாவுத் துடக்கும் இல்லை. ஆனாலும் அவனுக்கு இங்கே வேறு யார் இருக்கிறார்கள்? முப்பத்தொரு நாள் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொடவில்லை. இறைச்சி ஒட்டிய கோப்பைகளைக் கழுவிவிட்டு வந்து பருப்பும் சோறும் சாப்பிட்டேன். முப்பத்தோராம் நாள் அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, அவன் படத்துக்கு முன்னால் படைத்தேன். அவனுடைய தாய்க்கு முன்பே எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தை எத்தனை முறை கிழித்தெழுதினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

பதில் பிறகு வந்தது.

“தம்பி, யோசியாதையும். மகன் கனடா போய்ச் சேர்ந்திட்டான். பாறைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போற ஆள் வேறை உடுப்போடை நிண்டதாம். செத்தவனை ஒருத்தரும் தேடமாட்டினம் எண்டுதான் இப்பிடிச் செய்தவன். உமக்குப் பொய் சொல்ல வராது, நீர் அழுதால்தான் பொலிஸ் நம்பும் எண்டு எழுதியிருந்தவன். குறை நினையாதையும்.”

என் கண்ணீரைக் கூட அவன் முன்கூட்டியே கணக்கில் எடுத்திருந்தான். அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் உடுப்பைக் குப்பைப் பையில் திணித்துக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். ஆறவில்லை. இப்போதும் ஆறவில்லை.

செஃப்பிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பொலிசுக்குப் போகும், கனடாவில் அவன் பாடு முடிந்துவிடும். ஒவ்வொரு கோடையிலும் கடையைப் பூட்டும் நாளில் அவர் என் தோளில் கை வைப்பார். “நான் உங்களை அங்கே கூட்டிப்போயிருக்கக் கூடாது” என்பார். அவர் கண் கலங்கும். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

பொய் சொல்லத் தெரியாதவன் என்றுதான் அவன் என்னைத் தெரிவு செய்தான். அந்த மனிதர் சாகும்வரை நான் அவனுக்காகப் பொய் சொன்னேன்.