அக்கா கட்டிய முல்லைச் சரம்

எங்கள் அக்கா வெள்ளானூரில், கூலிக்குக் களை பறித்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அத்தான் மஞ்சள் காமாலையில் காலமானபோது அக்காவுக்கு வயது இருபத்தாறு. பிள்ளை இல்லை. தாய் தகப்பன் இல்லாத என்னை அழைத்துக்கொண்டு கள்ளிக்குப்பத்தில் ஓட்டு வீடு ஒன்றில் குடியேறி, தொழிற்பேட்டை எஸ்டேட்டில் கம்பெனி வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார்.

அந்த வீட்டு வாசலில் ஒரு முல்லைக் கொடி வைத்தார். குழாய்த் தண்ணீர் உப்பு என்பதால் அரிசி கழுவிய தண்ணீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவார். தை பிறந்ததும் கிளைகளை ஈவிரக்கமில்லாமல் வெட்டுவார். நான் பதறினால், "இப்போ வெட்னாதான்டி வெயில் காலத்துல கொத்துக் கொத்தா பூக்கும்" என்பார். பூத்ததைத் தெருவுக்கெல்லாம் கட்டிக் கொடுப்பார். தன் தலையில் ஒரு மொட்டுகூட வைத்ததில்லை. "கொடிக்கு இன்னா தெரியும், நான் யாருன்னு? தண்ணி ஊத்துனா அது பாட்டுக்குப் பூத்துகினு கீது" என்று சிரிப்பார்.

இனி வருவதை இந்த நினைவு மலரில் எழுத வேண்டுமா என்று என் கணவர் கேட்டார். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, அக்கா கட்டிய சரம்தான் என் சடை நிறைய இருந்தது. பின்னாளில் என் மாமியாரானவர் அதைத் தொட்டுப் பார்த்து, "யாரும்மா கட்னது? சுமங்கலிதானே?" என்று கேட்டார்.

"பூந்தமல்லில வாங்கினது" என்றேன். என் வாய் கூசவில்லை.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் அக்கா காபி ஆற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றுபோனது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பிறகும் அக்காவிடமிருந்து எனக்குப் பூ வந்தது. ஆனால் வாழையிலையில் மடித்த உதிரி மொட்டுகளாகவே வந்தது. "கட்டிக் குடேன்க்கா" என்றால், "வெரல் நோவுது, நீயே கட்டிக்கோ" என்பார். தெருப் பெண்களுக்குக் கட்டும்போது அந்த விரல் நோகவில்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. சென்ற ஆண்டு ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியபோதும், "கொடிக்குத் தண்ணி ஊத்துனியா?" என்றுதான் அக்கா கேட்டார். "ஊத்திட்டேன்க்கா" என்றேன். அதுவும் பொய்தான்.

என் மாமியார் இதைப் படிப்பார், படிக்கட்டும். பொய் சொன்னது நான், அவரல்ல.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டி வந்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், நான் மறந்த நாளெல்லாம் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிய பக்கத்து வீட்டு அண்ணிக்கும் என் நன்றி. முதலாண்டு நினைவு நாளான இன்று, வந்திருக்கும் பெண்கள் எல்லோருக்கும், கணவரை இழந்தவர்களுக்கும் சேர்த்து, இம்மலருடன் ஒரு முழம் பூ தருகிறேன். கட்டியது நான். யார் வீட்டுப் பூ என்று தயவுசெய்து என்னிடம் கேளுங்கள். இந்த முறை சரியாகச் சொல்கிறேன்.