அம்மாவின் விரதம்

எட்டு வயதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அந்த வாய் செய்த வேலையை நினைத்தால் இன்றும் நெஞ்சு திக்கென்கிறது.

அம்மா டொக்டர். வருடா வருடம் தன் லீவில் இரண்டு கிழமை பசிபிக்கில் ஒரு சின்னத் தீவுக்குப் போய் இலவசமாக வைத்தியம் பார்ப்பார். அணுகுண்டு வெடித்துப் பரிசோதித்த காலத்தில் சாம்பல் வந்து கொட்டிய தீவு அது. கழுத்தில் கட்டி வந்த ஒருவராவது இல்லாத குடும்பம் அங்கே குறைவு. அப்படிக் கட்டி வந்த ஒரு தீவு அன்ரி ஒப்பரேஷனுக்காக ஒக்லாந்துக்கு வந்து, அதற்கு முதல்நாள் லின்ஃபீல்டில் எங்கள் வீட்டில் தங்கினார்.

அம்மா நண்டுக்கறி வைத்து, போதும் போதும் என்று கையை மறித்தாலும் விடாமல் பரிமாறினார். அன்ரி சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் அம்மாவைப் புகழ்ந்தார். தீவில் நிற்கிற இரண்டு கிழமையும் உன் அம்மா விரதமாம், கொண்டுவந்த மாவைத் தானே சமைத்துத்தான் சாப்பிடுவாராம். அவருக்கென்று ஒரு சட்டியை ஒருவரும் தொடாமல் காவல் காக்கிறார்களாம். ஊரில் விட்டு வந்த அன்ரியின் பிள்ளைகள் இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்து ஞாயிறு காலையில் பட்டினி கிடக்கிறார்களாம்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் விரதம் பிடிப்பவர் அப்பா மட்டும்தான். அம்மா கந்தசஷ்டியிலும் நண்டை விடமாட்டார். அதைச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். விரதமில்லை, அங்கத்தைய தேங்காயிலும் நண்டிலும் இன்னும் நஞ்சு இருக்குமாம், அம்மா அப்பாவிடம் சொன்னவ என்று இங்கிலீஷில் பெரிய ஆள் மாதிரி விளக்கினேன்.

அன்ரியின் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது. அரசாங்கத்து ஆட்கள் தீவுக்கு வந்து, இனி எல்லாம் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்களாம். அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்தார்.

"ஏனப்பா, நீர் இதை அவைக்குச் சொல்லேல்லையா?" என்று அப்பா தமிழில் கேட்டார்.

"சொல்லிப்போட்டு நான் பிளேன் ஏறி வந்திடுவன். அவைக்கு வேற என்ன கிடக்கு தின்ன?"

பிறகு அம்மா அன்ரியிடம் இங்கிலீஷில், நிச்சயமாக எதுவும் தெரியாது, எனக்குப் பயமாக இருந்தது என்றார். அவ்வளவு தைரியசாலியான அம்மா குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான்.

அன்ரி கையைக் கழுவிவிட்டு எங்கள் ஃபோனைக் கேட்டு வாங்கினார். ஊருக்கு எடுத்து, தன் மொழியில் ஒரே கேள்வியை அழுதழுது கேட்டார். பக்கத்தில் நின்ற அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் சாமித் தட்டுக்கு ஓடினேன். பொய்யாக விரதம் என்று சொன்னதற்காக அம்மாவின் கண்ணைக் குத்திவிடாதே என்று பிள்ளையாரைக் கெஞ்சினேன். நடந்ததில் எனக்குத் தெரிந்த குற்றம் அது ஒன்றுதான்.

பிள்ளைகள் மத்தியானம் என்ன சாப்பிட்டார்கள் என்றுதான் அன்ரி கேட்டாராம். அதை எனக்குச் சொல்ல அம்மாவுக்கு எத்தனையோ வருடம் பிடித்தது.