கடைசியில் வரும் போட்டோ

எங்கள் தியேட்டரில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கதை முடிந்து எழுத்து ஓட ஆரம்பித்ததுமே படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, ஆட்களை விரட்டிவிடுவோம். அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டிப் பெருக்க வேண்டாமா? பெரம்பலூரில் எழுத்தைப் பார்க்க எவன் உட்காரப்போகிறான்? இருபது வருடமாக டிக்கெட் கிழிக்கிறேன், நானே பார்த்ததில்லை.

அன்று மேட்னி முடிந்தும் ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும்.

"போட்டோ காட்டலையே தம்பி?"

"படம் முடிஞ்சிருச்சுக்கா, கெளம்புங்க" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் அசையவில்லை. உட்கார்ந்தபடியே சொல்ல ஆரம்பித்தார். பெயர் மணிமொழி, எறையூரில் கரும்பு வெட்டப் போகிறவர். கணவர் அரியமுத்து பட்டாளத்தில் லாரி டிரைவர். இருபத்துநாலு வருடத்துக்கு முன்னால் லீவு முடிந்து ரயிலேறியவர், முகாமுக்குப் போய்ச் சேரவில்லை. ஓடிப்போய்விட்டார் என்று கடிதம் வந்தது. போலீஸ் வந்து வீட்டைக் குடைந்தது. வடக்கே எவளையோ சேர்த்துக்கொண்டான் என்று ஊர் முடிவு கட்டியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அக்கா ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் ஆற்றில் முழுகி, தாலிக்கயிற்றை மாற்றிக்கொண்டு வந்தார். கூட நின்ற பெண்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

நாங்கள் போட்டிருந்த படம் உண்மைக் கதை. தமிழ்நாட்டுப் பட்டாளத்து டிரைவர் ஒருவரை உளவு பார்க்க எல்லை தாண்டி அனுப்புகிறார்கள். வீட்டுக்கு, ஆள் ஓடிப்போய்விட்டதாக எழுதிவிடுகிறார்கள். அவர் அங்கே சிறையில் செத்துப்போகிறார். படத்தில் பெயர் மாற்றியிருக்கிறார்கள், அசல் ஆளின் போட்டோ கடைசியில் வரும் என்று பக்கத்து வீட்டுப் பெண் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

"அந்த மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டாப் போதும் தம்பி."

ஆபரேட்டர் கலையரசனிடம் போய்ச் சொன்னேன். முடியாது என்றான். சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டு ஒத்துக்கொள்ள வைத்தேன்.

அடுத்த ஆட்டத்திலும் அக்கா முழுப் படத்தையும் பார்த்தார். முடிந்ததும் விளக்குப் போடவில்லை. கூட்டம் இருட்டில் தடுமாறி, எங்களைத் திட்டிக்கொண்டே வெளியேறியது. அக்கா கல்யாண போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். நானும் போனேன்.

போட்டோ வந்தது. ஒடுங்கிய கன்னம், ஏறு நெற்றி. கீழே தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர். அவர் அரியமுத்து இல்லை.

நான் ஒரு மடையன். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நல்லதுக்குத்தாங்கா. உங்க வூட்டுக்காரரு எங்கயாச்சும் உசுரோட இருப்பாரு" என்றேன்.

"உசுரோட இருந்தா, என்னை வேணாம்னு வுட்டுட்டாருன்னுதான தம்பி அர்த்தம்?" என்றார் அக்கா. "செத்துப் போயிருந்தா, வர முடியலன்னு ஆயிருக்கும். இன்னைக்கு இதக் கழட்டிடலாம்னுதான் வந்தேன்." கழுத்துக்கயிறு அவர் விரலில் சுற்றியிருந்தது.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். ஆடிப்பெருக்குக்கு நாலு நாள்தான் இருந்தது. வழியெல்லாம் மஞ்சள் கயிறு விற்றார்கள். அக்கா நின்று ஒன்று வாங்கினார்.

"தீர்க்கசுமங்கலியா இருங்கக்கா" என்று வாழ்த்திக் கொடுத்தாள் கடைக்காரப் பெண்.

அக்கா தலையை ஆட்டிவிட்டு எறையூர் பஸ்ஸில் ஏறினார்.