செம்மண்டலத்துக் கீரை வைத்தியம்

மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலைக் கீரைக்கட்டுகள் மேல் உதறியபடியே இருசம்மாள் கேள்வி நேரத்தைத் தொடங்குகிறார். கடலூர் செம்மண்டலத்து முனையில் விரித்த சாக்குதான் சபை. உறுப்பினர்கள் பையோடு குனிந்து நிற்பார்கள்.

"எலையில ஓட்ட இருக்கே?"

"பூச்சி தின்னுட்டு உசுரோட போயிருக்கு. மருந்தடிக்காத கீரைன்னு அதுவே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கு."

பூச்சியும் கூடாது, பூச்சிமருந்தும் கூடாது என்பது எங்கள் நகரின் கொள்கை. அது நிறைவேறும்வரை கட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

முட்டிவலிக்கு எது என்று கேட்டால் பதில் பாட்டாக வரும். "முடக்கத்தான ஆட்டித் தோச ஊத்து, முட்டிவலிய வெளிய தொரத்து!" மருத்துவர் சீட்டில் எழுதுவது யாருக்கும் புரியாது. இருசம்மாள் சொல்வது புரிவதோடு இரண்டு வரியும் ஒரே ஓசையில் முடிகிறது. இதைவிடச் சான்று வேண்டுமா?

எல்லாவற்றிலும் அதிகம் ஓடியது சர்க்கரைப் பாட்டு. "சிறுகுறிஞ்சான் எல ரெண்டு, சக்கரைக்கு அதுதான் குண்டு, மாத்திர போடறவன் மண்டு!" மூன்றாவது வரி வியாபாரத்துக்காக ஒரு நாள் வாயில் தானாக வந்ததாம். அன்று நாங்கள் எல்லோரும் சிரித்து, ஆளுக்கு இரண்டு கட்டு வாங்கினோம்.

இருசம்மாளின் கணவர் பொன்னுரங்கம் சிரிக்கவில்லை, நம்பினார். பதினொரு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போட்டவர், மண்டு ஆக விருப்பமில்லாமல் மனைவிக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டார். சிறுநீரகம் கெட்டு, இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரம் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. கீரையே ஆகாது என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் இலை விற்கும் வீட்டில் இலை வேகவில்லை.

இருசம்மாள் அந்தப் பாட்டை நிறுத்திவிட்டார். சிறுகுறிஞ்சானை நிறுத்த முடியவில்லை. பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். அவரும் வாயைத் திறக்காமல் எடுத்துக் கொடுக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை வாடிக்கையாக வாங்கும் சத்யப்பிரியா வந்து ஒரு சிறுகுறிஞ்சான் கட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏங்க்கா, பாட்டே காணோம்? எங்க மாமனாருக்கு அது மனப்பாடம். நேத்துலேர்ந்து மாத்திரையத் தொடமாட்டேங்கறாரு. 'நான் என்ன மண்டுவா'ன்னு கேக்கறாரு!"

தண்ணீர் பாட்டிலை உதறுவது நின்றது.

"மொதல்ல போயி அவர மாத்திர போடச் சொல்லு. தெனம் போடணும்."

இருசம்மாள் வாயிலிருந்து எதுகை இல்லாமல் வந்த முதல் வைத்தியம் அது.

சத்யப்பிரியாவுக்கு அது எடுபடவில்லை. "பாட்டுல வேற மாதிரி வருதேக்கா?" என்று சிரித்தாள்.

இருசம்மாள் அவள் பைக்குள் கைவிட்டுக் கட்டை உருவினார். மீதியிருந்த சிறுகுறிஞ்சான் கட்டுகளையும் வாரிச் சாக்குக்கு அடியில் திணித்து, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.