கதவில் எழுதிய பாஸ்வேர்டு

காபி எடுக்க எழுந்தால்கூட ஹெல்கா தன் கணினித் திரையைப் பூட்டிவிட்டுத்தான் போவார். பக்கத்தில் இருப்பவன் நான் ஒருவன்தான். ஜெர்மனியில், ஹாம்பர்க் வந்த புதிதில் எனக்குச் சுருக்கென்றிருந்தது. நான் என்ன திருடனா? ஒருநாள் கேட்டேவிட்டேன். "உன்மேல் சந்தேகமில்லை. இதில் இருப்பது அடுத்தவர் விவரம்" என்றார் என் மேலதிகாரி.

நான் பிறந்தது ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம். அங்கே ஜீப்பில் கீழே இறங்குகிறவர் பையில் ஊரார் ரேஷன் கார்டு, பாஸ்புக், ஆதார் எல்லாமே இருக்கும். எல்லார் வேலையையும் அவரே முடித்துக்கொண்டு வருவார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கும் ஊர் எங்களுடையது.

எங்கள் நிறுவனம் சிறுதானியம் இறக்குமதி செய்கிறது. விற்கும் விவசாயிகளின் விவரங்கள் கிளவுட் எனும் இணையச் சேமிப்பில் ஐரோப்பியச் சட்டப்படி பாதுகாப்பாக இருக்கின்றனவா என்று பார்ப்பது ஹெல்காவும் நானும். எங்கள் ஊர்ச் சாமைக்கே ஆர்டர் கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமை விற்கும் பெண்கள் சங்கத்தின் தலைவி என் பெரியம்மா மகள் செல்வி அக்கா. சங்க அலுவலக வாசலில் பெண்கள் சிரித்தபடி நிற்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். ஹெல்கா அதைப் பெரிதாக்கினார். பின்னாலிருந்த கதவில், சாக்பீசால், கொட்டை எழுத்தில் கிளவுட் கணக்கின் பாஸ்வேர்டு! அத்தனை குடும்பங்களின் நிலமும் பேங்க் கணக்கும் அதற்குள் இருந்தன. ஹெல்கா கணக்கை உடனே முடக்கினார். சரியாகும்வரை ஆர்டரும் நின்றது. அங்கே சாமை அறுத்து மூட்டை கட்டியாயிற்று.

பாறைமேல் நின்று வீடியோ அழைப்பில் பேசிய அக்கா சண்டைக்கே வந்துவிட்டாள். "இன்னாடா இது? சிக்னலு பாறை மேலதான் கெடைக்குது. யாரு ஏறுறாங்களோ அவங்க எல்லாரோட விவரத்தையும் கிளவுடுல ஏத்திட்டு வர்றாங்க. கதவுல எழுதாம வேற எங்க எழுதுறது?"

மொழிபெயர்த்தேன். ஹெல்கா சிரிக்கவில்லை. "ஒருவருக்காக இன்னொருவர் ஏற்றலாம். ஆனால் அவரவர் சம்மதம் வேண்டும், ஆளுக்கொரு பாஸ்வேர்டு வேண்டும். விவரம் சங்கத்துடையது அல்ல, அவரவருடையது" என்றார்.

"அப்ப நாங்க வேணாம்னா அழிச்சிடுவாங்களா? கேளு."

"சட்டப்படி வைத்திருக்க வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் அழிப்போம்."

அக்காவின் கோபம் இறங்கியது. "இங்க எவன் எவனோ லோன் வேணுமான்னு போன் பண்றான். நம்பரு யாரு குடுத்ததுன்னு கேட்டா கட் பண்ணிட்றான். அந்தம்மா நல்லா இருக்கணும்டா" என்றாள். எங்கள் பாறைமேல் நிற்கிறவளையும் மதிக்கும் அந்தச் சட்டத்தை அன்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

பெண்கள் ஒவ்வொருவராகப் பாறையேறி ஆளுக்கொரு பாஸ்வேர்டு போட்டார்கள். யார் கேட்டாலும் எதையும் சொல்லக்கூடாது என்று போனில் நான் சொல்லிக்கொடுத்தேன். சாமை கப்பலேறியது. கூடவே ஹெல்கா இன்னொன்றும் செய்தார்: அவர்கள் என் சொந்தக்காரர்கள் என்பதால், பெயர்களைப் பார்க்கும் அனுமதியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். நியாயம்தான். இப்போது எனக்குத் தெரிவதெல்லாம் பெயர்களுக்குப் பதிலாக எண்கள் மட்டுமே. அவற்றில் ஒன்று என் அம்மா.

ஆசை விடவில்லை. போன் செய்தேன். "அக்கா, அம்மா எந்த நம்பர்?"

அக்கா சிரித்துவிட்டாள். "யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நீதானடா சொல்லிக்குடுத்த? இன்னா, உனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

திரையில் என் ஊர் முழுவதும் இருக்கிறது. அதில் எது எங்கள் வீடு என்றுதான் எனக்குத் தெரியவில்லை.